பதினாலாவது படுக்கை

"போட்டுட்டுப் போயேன் நறு. ஒரே ஒரு கையெழுத்து. வருஷா வருஷம் நான் போட்டதுதானே..."

"நீங்க போட்டீங்க. நான் போட..."

"...நான் போடாம இருந்திருந்தா உங்கம்மா இன்னிக்கு..."

"...மாட்டேன்னு எத்தனை தடவைப்பா சொல்றது?"

"சொல்லு. இன்னும் நாலு தடவை சொல்லு. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்கப்புறம் நீ வாயைத் திறந்தாலும் ஒண்ணுதான், மூடினாலும் ஒண்ணுதான்."

மருதமுத்து பேச்சோடு பேச்சாகச் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். குளித்தலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை அவருடையது. எவ்வளவு கோபம் வந்தாலும் கை மட்டும் நிற்காது. மகள் நறுமுகை ஷட்டர் ஓரமாக நின்றிருந்தாள். கார்த்திகை மழை முதுகில் சாரல் அடித்தது. அவள் நகரவில்லை.

இருவருக்கும் நடுவே மேசைமேல், காற்றில் பறக்காமலிருக்க ஒரு பம்புசெட் மூடியை வைத்து, முக்கொம்பு வேங்கைகள் கபடி அணியின் தாள் கிடந்தது. செண்பகத்தை வரும் பருவத்துக்கும் அணியில் வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். சம்மதம் என்றால் கையெழுத்து. வெறுமனே விட்டால் செண்பகம் விடுவிக்கப்படுவாள்.

செண்பகத்தையே கேட்க முடியாது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எழுப்பிக் கேட்டுடலாமேப்பா. அவங்க வாயாலயே சொல்லட்டும்."

"தெரிஞ்சுக்கிட்டே பேசறே பாரு. நடுவுல எழுப்பினா மறுபடி படுக்க வைக்க உடம்பு தாங்காது. எழுப்பிக் கேக்கறதும் ஒண்ணுதான், இனி வேண்டாம்னு அனுப்பறதும் ஒண்ணுதான். கேள்வியிலயே பதிலை வெச்சுக்கிட்டு என்ன கேள்வி?"

நறுமுகைக்கு நாலு வயதாக இருந்தபோது தொடங்கியது இது. பெண்கள் கபடிப் போட்டி தையில் ஆரம்பித்துப் பங்குனியில் முடியும். மிச்ச ஒன்பது மாதமும் ஆட்டக்காரிகளுக்கு வேலையில்லை, ஆனால் வயது மட்டும் ஏறுகிறது. ஏறாமல் செய்தால் என்ன என்று யாரோ யோசித்தார்கள். பச்சைமலை அடிவாரத்தில் அணிக்கு ஓர் உறக்கக்கூடம் கட்டினார்கள். பங்குனிக் கடைசியில் உடம்பைக் குளிரவைத்துத் தூங்கப் போடுவார்கள். மார்கழி முடிவில் எழுப்புவார்கள். அந்த ஒன்பது மாதத்தில் உடம்புக்கு ஒரு வாரம்கூட மூப்பு இல்லை. விளையாடுகிற காலத்தில் மட்டும்தான் நாள் கழியும்.

செண்பகம் முதல்முதல் தூங்கப் போனபோது அவளுக்கு இருபத்து நாலு. பதினாறு வருஷம் ஆயிற்று. இப்போது அவளுக்கு இருபத்தெட்டு. நறுமுகைக்கு இருபது.

"உங்களுக்கு ஏன்ப்பா அம்மா வீட்டுக்கு வர்றதுல இவ்வளவு பயம்?"

"பயமா? எனக்கா?"

"பின்ன?"

கம்பி சுற்றும் கை அப்போதுதான் நின்றது.

"அவ எழுந்து வந்தா மூணு மாசத்துக்கு இல்லை, முழுசா வருவா. அதை யோசிச்சியா நீ? மூணு மாசம்னா தலைக்குச் சாயம் அடிச்சுக்கலாம். மூட்டு வலியை முழுங்கிக்கலாம். அவ முக்காவாசி நாளும் பயிற்சி முகாம்ல இருப்பா, வந்தா சோறு போட்டுப் பேசி அனுப்பலாம். முழு வருஷம் எப்படிடீ மறைப்பேன்? எனக்கு நாப்பத்தாறு. இருபத்தெட்டு வயசுப் பொண்ணு வந்து இந்த வீட்டுல என்ன பண்ணுவா, எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பாளா?"

"அதை அவங்க சொல்லட்டும்."

"உனக்கென்ன, நீ வளர்ந்துட்டே."

தான் வளர்ந்ததுதான் அந்த வீட்டின் பெரிய குற்றம் என்று வெகுகாலம் நறுமுகை நினைத்திருந்தாள்.

தூங்குகிறவர்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. மார்கழி பிறந்ததும் வீட்டைப் பின்னுக்குத் தள்ள ஆரம்பிப்பார்கள். போன பங்குனியில் எப்படி இருந்ததோ அப்படியே வைக்க வேண்டும். புதிதாக வாங்கிய தட்டுமுட்டைப் பரணில் போட்டுவிட்டுப் பழையதை இறக்குவார்கள். திரைச்சீலையை மாற்றுவார்கள். சுவரில் பெயின்ட் அடிக்கவே மாட்டார்கள். எழுந்து வருகிறவள் ஒரு ராத்திரி தூங்கி எழுந்த மாதிரி உள்ளே நுழைய வேண்டும் என்பது கணக்கு. மனசு கலங்கினால் ஆட்டம் கெடும் என்று அணிக்காரர்களே சொல்லிக்கொடுத்தது. பிறகு அது வீட்டுக்கு வீடு நோன்பு மாதிரி ஆகிவிட்டது. நறுமுகைக்கும் மார்கழியில் முடி வெட்டுவார்கள், பங்குனியில் இருந்த அளவுக்கு. ஒன்பது வயதில் அவள் வளர்த்த நாய் புரட்டாசியில் செத்தபோது, மருதமுத்து முசிறி வரை அலைந்து அதே போலக் காதில் கறுப்புத் திட்டு உள்ள நாயைப் பிடித்துவந்து அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

உயரத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பன்னிரண்டு வயதில், அம்மா வரும் நாளன்று, அவள் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அண்ணே, உள்ளே வரலாமா? இல்லே, சண்டை முடிஞ்சப்புறம் வரட்டுமா?"

குடையை மடக்கி உதறிக்கொண்டே ரெஜினா மேரி படி ஏறினாள். வேங்கைகள் அணியின் மேலாளர். ஒரு காலத்தில் செண்பகத்தோடு கைகோத்து ஆடியவள். மூன்றாவது பருவத்தில் முட்டி பிசகி, தூக்கத்தை விட்டு வெளியே வந்து, எல்லாரையும் போல நரைக்க ஆரம்பித்துவிட்டாள். செண்பகத்தைவிட ஒரே வயது மூத்தவளாக இருந்தவள், இப்போது நாற்பதை நெருங்கிவிட்டாள்.

"முடியற சண்டை இல்லை ரெஜினா இது. உக்காரு. அந்த ஸ்டூல்ல கிரீஸ் இருக்கும், பாத்து."

"பதில் வரலைன்னு மேலே பதறுறாங்க. மத்த பதிமூணு பேர் வீட்டுலயும் போட்டாச்சு. செண்பா ஒருத்திதான் பாக்கி."

"நான் போடுறேன்னு எவ்வளவோ சொல்லிட்டேன். உரிமைதான் என்கிட்ட இல்லையே. பதினஞ்சு வருஷம் என்னை நம்பினவ, போன பங்குனியில படுக்கப் போறதுக்கு முன்னாடி அதை இவ பேருக்கு மாத்திட்டா. ஏன், என்ன, ஒரு வார்த்தை இல்லை."

ரெஜினா அவரைப் பார்க்காமல் நறுமுகையைப் பார்த்தாள்.

"நீ என்ன முடிவு பண்ணியிருக்கே?"

"அம்மாவை எழுப்பிடுங்க."

"அப்போ ரெண்டாவது விஷயம்?"

நறுமுகை தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. இப்போது வேண்டாம். ஆனால் மருதமுத்து அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன ரெண்டாவது விஷயம்?"

"அண்ணே, உங்ககிட்ட இவ சொல்லலையா?"

"எதை?"

ரெஜினா குடையைச் சுவரில் சாய்த்தாள். அது சரிந்து விழுந்தது. எடுத்து மறுபடி சாய்த்தாள்.

"உறக்கக்கூடத்துல படுக்கை பதினாலு. அணியில ஆளும் பதினாலு. யாராவது ஒருத்தர் எழுந்தாத்தான் இன்னொருத்தர் உள்ளே வரமுடியும். யாரும் எழுந்திருக்கிறதில்லை. இதோ, இந்தப் பக்கத்து ஊர்களை எடுத்துக்கங்க, பிரமாதமா ஆடற பொண்ணுங்க எத்தனை பேர். எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தோட சரி. அங்கே காலியிடமே வர்றதில்லை. முதல்லயே வந்தவங்களுக்கு வயசே ஆகலையே."

"அது ஊரறிஞ்சதுதானே."

"செண்பா எழுந்தா அந்த இடத்துக்கு நறுவைக் கேட்டிருக்காங்க. ஆடி மாசமே இவளைக் கூப்பிட்டுப் பார்த்தாங்க. கபடி பாடிப் போறப்போ செண்பா மாதிரியே இடது தோளை முன்னாடி விடறா. அதே முகம். பார்க்க வர்றவங்களுக்குப் பெருசா வித்தியாசம் தெரியாதுன்னு சொல்றாங்க."

மருதமுத்து சிரித்தார். நல்ல சிரிப்பு அல்ல.

"அதான் சேதியா. அம்மா மேல திடீர்னு பாசம் பொங்குதேன்னு பார்த்தேன்."

"அப்பா..."

"உனக்கு அம்மா வேணுமா, அம்மா படுத்த படுக்கை வேணுமா? அதை மட்டும் சொல்லு. நான் அப்புறம் பேசவே மாட்டேன்."

அந்த ஒரு கேள்வியைத்தான் நாலு மாதமாக நறுமுகையும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே கையெழுத்தில் கிடைக்கும்போது எது எதற்காக என்று பிரித்துப் பார்க்க அவளால் ஆகவில்லை. அம்மா வேண்டும் என்று மனசு சொல்லும்போதெல்லாம் கால் ஒன்று மைதானத்துக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

மருதமுத்து காத்துப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, "டீ குடிச்சிட்டு வர்றேன். என் முன்னால எதையும் போட வேண்டாம்" என்று மழையில் இறங்கினார்.

ரெஜினா கிரீஸ் படாத ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேனா? நீ அப்பாகிட்ட சொல்லியிருப்பேன்னு நினைச்சேன்டீ."

"எப்படியும் தெரியத்தானே போகுது அத்தை." நறுமுகை அப்பாவின் நாற்காலியில் அமர்ந்தாள். "ஒண்ணு கேக்கணும். அம்மாவை ஏன் நீங்களே வேண்டாம்னு சொல்லலை? அணிக்கு நான்தான் வேணும்னா, அணிக்காரங்களே விடுவிச்சிருக்கலாமே. எதுக்கு என்னைப் போய்க் கையெழுத்து கேக்கறீங்க?"

"செண்பாவைக் கழட்டி விட்டுட்டாங்கன்னு பேர் வந்தா திருச்சியில ஒருத்தன் டிக்கெட் வாங்க மாட்டான். குடும்பத்துல கூப்பிட்டுக்கிட்டாங்கன்னா எல்லாரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. போன பருவத்துல அவ முதல் அடி கொஞ்சம் தாமதமாச்சு. கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். இதெல்லாம் நான் சொல்லக் கூடாது."

"சொல்லிட்டீங்க."

"உங்கிட்டே எனக்கு மறைக்க வரலை. உன்னை இடுப்புல வெச்சுக்கிட்டுத் திரிஞ்சவ நான்." முட்டியைத் தடவிக்கொண்டாள். "உங்க வீட்டுல ஒரு நாய் இருந்துச்சே."

"ஆமா."

"மாத்தி வெச்சீங்களே. அது வேற நாய்னு முதல் நாளே உங்கம்மாவுக்குத் தெரியும். முகாமுக்கு வந்து என்கிட்ட சொன்னா. 'என்னை மோந்துகூடப் பார்க்கலை ரெஜி, யாரோன்னு குரைச்சுது. அவர் பக்கத்துலயே நிக்கறார், நான் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தடவிக் கொடுத்தேன்'னு. உன் முழங்காலும் தெரியும் அவளுக்கு."

நறுமுகை நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லாம இருந்தாங்க?"

"நீங்க அவளுக்காக நடிச்சீங்க. அவ உங்களுக்காக நடிச்சா. கபடியைவிட அதுக்குத்தான் அவளுக்கு மூச்சுப் பிடிக்க வேண்டியிருந்துச்சு."

"அப்போ இந்த உரிமையை எதுக்கு என் பேருக்கு மாத்தினாங்க?"

"நானும் கேட்டேன். 'அவருக்கு என்மேல கோபமே கிடையாது, போட்டுக்கிட்டே இருப்பார். நறுவுக்குத்தான் கோபம் இருக்கு. கோபம் இருக்கறவங்கதான் சரியா ஒண்ணு பண்ணுவாங்க'ன்னா."

"என்ன பண்ணணும்னு சொன்னாங்களா?"

"அதைச் சொல்லலை. படுக்க வெச்சுட்டாங்க."

எதிரில் ஒரு டவுன் பஸ் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயிற்று. நறுமுகை மேசையின் கீழே விழுந்திருந்த கம்பித் துண்டொன்றை எடுத்து விரலில் சுற்றினாள்.

"அத்தை, போன மாசியில எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம். அம்மாவுக்கு ரெண்டு நாள் லீவு கொடுத்தீங்களே. பந்தியில ஒரு பாட்டி எங்களைப் பார்த்து, 'இவ உன் தங்கச்சியா'ன்னு கேட்டுச்சு. அம்மாவைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்து. அவங்களை என் தங்கச்சியான்னு."

"கூத்துதான்."

"எல்லாரும் சிரிச்சாங்க. அம்மாவும் சிரிச்சாங்க. நான் மட்டும் எந்திரிச்சு வெளியே போயிட்டேன். அன்னிலேர்ந்து அவங்களை 'அம்மா'ன்னு நாலு பேர் நடுவுல கூப்பிட எனக்கு வாய் வரலை. இன்னும் கொஞ்ச வருஷம் போனா நிஜமாவே நான் மூத்தவ ஆயிடுவேன். எனக்கு நரைக்கும், அவங்க அதே மாதிரி தையில தலையைத் துவட்டிக்கிட்டு வந்து நிப்பாங்க. அப்பாவாவது சாயம் அடிச்சுக்கறார். நான் என்ன செய்யறது?"

"சரி. எழுப்பிடு. நீ அந்தப் படுக்கைக்குப் போகாதே. அவ்வளவுதானே? அம்மா தாளை மட்டும் முடிச்சுக்கோ, நீ சேர்ற தாள் என் பையிலயே இருக்கட்டும்."

நறுமுகை கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். விரல் நுனி சிவந்துவிட்டது.

"உங்களைக் கூப்பிட்டா நீங்க போவீங்களா அத்தை? முட்டியைச் சரி பண்ணித் தர்றோம், திரும்ப வந்து படுத்துக்கோன்னா?"

"அதைக் கேக்காதே."

"கேக்கறேன்."

"போவேன்டீ." ரெஜினா தரையைப் பார்த்துச் சொன்னாள். "வீட்டுக்காரர், ரெண்டு பிள்ளை, மாமியார், எல்லாரையும் விட்டுட்டுப் போவேன். கோட்டைத் தாண்டி ஒரே மூச்சுல பாடிக்கிட்டு உள்ளே போறோமே, அந்த நேரத்துல நமக்கு ஊர் பேர் ஒண்ணும் இருக்கறதில்லை. அது எப்படி இருக்கும்னு தெரிஞ்சவ வேண்டாம்னு சொல்ல மாட்டா. அதனாலதான் உன்கிட்ட யோசனை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லைங்கறேன்."

"எனக்கும் தெரியும். அம்மாதானே கத்துக்கொடுத்தாங்க. தையில வந்தா என்னோட பேசுறதுக்கு அவங்களுக்கு ஒண்ணும் இருக்காது. எந்த வகுப்பு, யாரு சிநேகிதி, ஒண்ணும் தெரியாது. நேரா மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அங்கே மட்டும்தான் நாங்க பழைய பழக்கம் மாதிரி இருந்தோம். அவங்க எனக்குக் கொடுத்தது அது ஒண்ணுதான் அத்தை. அதையும் விட்டுட்டு நான் என்ன பண்ணட்டும்?"

"பங்குனிக் கடைசியில நீயும் படுக்கணும். அது புரியுதா?"

"புரியுது."

"அவ முழிச்சிருக்கற ஒன்பது மாசமும் நீ தூங்குவே."

"அவங்களுக்கு வயசாகும். எனக்கு ஆகாது." நறுமுகை நிமிர்ந்தாள். "பத்து வருஷத்துல அவங்களுக்கு முப்பத்தெட்டு. எனக்கு இருபத்திரண்டு, இருபத்துமூணு. பார்க்கிறவங்களுக்குச் சரியா இருக்கும். அம்மா அம்மா மாதிரி இருப்பாங்க."

"இதையா கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தே இவ்வளவு நாளா?"

"வருஷத்துல மூணு மாசம் கூட இருப்பேன். எனக்கும் அவ்வளவுதானே கிடைச்சுது. போதுமா இருந்துச்சு."

"போதுமா இருந்துச்சா?"

மழை சற்றே விட்டிருந்தது. கடைக்குள் ஈரச் செம்பின் வாசனை. நறுமுகை பம்புசெட் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். அம்மாவின் தாளை எடுத்து, ஒன்றும் எழுதாமல், மடித்து ரெஜினாவிடம் நீட்டினாள். பிறகு கையை நீட்டியபடியே இருந்தாள். ரெஜினா தன் பையைத் திறக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது தாளில் நறுமுகை கையெழுத்திட்டாள்.

மருதமுத்து திரும்பியபோது இரண்டு டீ வாங்கி வந்திருந்தார், மூடியில்லாத கிளாஸில் மழைத்துளி விழாமல் உள்ளங்கையால் பொத்தியபடி. மேசை காலியாக இருப்பதைப் பார்த்தார். டீயை ஒருத்திக்கு ஒன்றாக வைத்தார்.

"எப்ப எழுப்பறாங்க?"

"அடுத்த வியாழக்கிழமை அண்ணே. குளிரை இறக்க ஒரு வாரம் ஆகும்."

"வீட்டை ஒழுங்கு பண்ணணுமே."

"வேண்டாம்ப்பா. அப்படியே இருக்கட்டும்."

"அப்படியேன்னா?"

"இப்போ எப்படி இருக்கோ அப்படியே."

அவர் தலையைத் தடவிக்கொண்டார். போன பங்குனிக்குப் பிறகு சாயம் அடிக்காத தலை. காதோரத்தில் வெள்ளை நன்றாக ஏறியிருந்தது.

"நீ உள்ளே போறதை அவகிட்ட யாரு சொல்றது?"

"நானே சொல்றேன்."

"எப்ப?"

"எழுந்ததும்."

அவர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார். சுற்று தப்பிவிட்டது. பிரித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

வியாழக்கிழமையும் மழைதான். உறக்கக்கூடம் வெளியிலிருந்து பார்த்தால் அரிசி கோடவுன் மாதிரிதான் இருக்கும். பின்னால் பச்சைமலை முழுக்க மேகம் மூடிக் கிடந்தது. மருதமுத்து உள்ளே வர மறுத்துவிட்டார். காரை நிறுத்திய இடத்திலேயே நின்றுகொண்டு, "முதல்ல நீ போ. நான் இப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்து கூப்பிடு" என்றார்.

செண்பகத்தை ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். கம்பளி கழுத்துவரை போர்த்தியிருந்தது. உதட்டில் நீலம் முழுதாகப் போகவில்லை. கண் விழித்ததும் எதிரே இருந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நறு."

"ம்மா."

"தை பிறந்துடுச்சா? எல்லாரும் எழுந்தாச்சா?"

"இல்லம்மா. கார்த்திகை."

செண்பகம் கூரையைப் பார்த்தாள். அறையின் மூலையில் ஒரு நர்ஸ் எதையோ சரிபார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாள். வெளியே தகரக் கூரையில் மழை சீராக விழுந்துகொண்டிருந்தது.

"கார்த்திகையா," என்றாள் செண்பகம். பிறகு, "நீ போடலையா?"

"போடலைம்மா."

"கோபத்துலயா?"

"தெரியலை."

"தெரியலைன்னா பரவாயில்லை." கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஐஸ் போல இருந்தது அந்தக் கை. "என் வாயால வேண்டாம்னு சொல்ல எனக்கு வரலை. படுக்கையைப் பார்த்தா அந்தப் பக்கம் தை தெரியும், உடனே போய்ப் படுத்துக்குவேன். யாராவது கதவைச் சாத்தினாத்தான் உண்டு. உங்கப்பா சாத்த மாட்டார். அவர் வரலையா?"

"வெளியே நிக்கறார். அவருக்கு நரைச்சிருக்கும்மா. சாயம் அடிக்கலை."

"நரைக்கட்டுமே. எனக்குத் தெரியாதாக்கும். தலையணையில ஒட்டியிருக்கிற சாயத்தைத் துவைக்கறது யாருன்னு நினைச்சார்?" மெல்லச் சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. நறுமுகை அவளைத் தூக்கி உட்காரவைத்து, முதுகில் தலையணையை வைத்தாள். அம்மாவின் எடை அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு தோழியைத் தூக்கியது போல இருந்தது.

"மழையா அது?"

"ஆமா."

"ஜன்னலைத் திற."

"குளிரும்மா."

"எனக்கா? திற."

திறந்தாள். சாரல் உள்ளே வந்து கம்பளியில் புள்ளிபுள்ளியாக விழுந்தது. செண்பகம் முகத்தை அந்தப் பக்கம் நீட்டி, கண்ணை மூடி, அப்படியே இருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று நறுமுகை வாயெடுத்தாள். அம்மாவின் நெற்றியில் நீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு, இது ஓயட்டும் என்று இருந்துவிட்டாள்.

"ஆட்டத்தை விட்டுட்டேன்னு என்னைத் திட்டுவாங்களா வெளியே?"

"யாரும் திட்ட மாட்டாங்க. குடும்பத்துல கூப்பிட்டுக்கிட்டாங்கன்னுதான் சொல்லியிருக்காங்க."

"நிஜம்தானே அது. பின்னே பொய்யா?" கண்ணைத் திறக்காமலே பேசினாள். "நான் இனிமே சமைக்கக் கத்துக்கணும். சிரிக்காதே. சாம்பார்ல என்ன என்ன போடணும்னு மறந்துபோச்சு. உன்னோட என்ன பேசறதுன்னும் தெரியலை. ஆனா இப்ப அவசரம் இல்லை பாரு. இவ்வளவு வருஷமா தையில எழுந்திரிக்கும்போதே பங்குனி பயம் வந்துடும். இப்ப ஒண்ணுமே இல்லை. நாளைக்குன்னா நாளைக்கு, அடுத்த மாசம்னா அடுத்த மாசம்."

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லலாம், சொல்லலாம். இரு, நான் மறந்துடுவேன், இதை முதல்ல சொல்லிடறேன்." செண்பகம் மகளின் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் மழை. "நம்ம ஊர்ல ஆடிப் பெருக்கு பார்த்து எவ்வளவு வருஷம் ஆச்சு. கடம்பந்துறைப் படித்துறையில ஒரு தடவை உன்னை இடுப்புல வெச்சுக்கிட்டுத் தண்ணியில இறங்கினேன், நீ பயந்து என் தாலியைப் பிடிச்சுக்கிட்டே. உனக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகுது. வர்ற ஆடிக்கு நாம ரெண்டு பேரும் போவோம். விடிகாலையிலயே போயிடணும், கூட்டம் வர்றதுக்கு முன்னாடி. காப்பரிசி நான் பண்றேன், நீ கூட நின்னா போதும். ஆடியில உனக்கு வேற வேலை ஒண்ணும் இல்லையே, கண்ணு?"